காலைப் பூஜ்ஜியம்

தினமும் காலை ஒன்பது இருபதுக்கு நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பின்பக்கமாக விழுவதுதான் மயில்சாமியின் வேலை. அதற்கு முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் குடிப்பார். விழுந்து முடித்ததும் கேண்டீனில் நாலு இட்லி. ஆறு வருஷத்தில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

என் பெயர் அருள்மேரி. பெருந்துறைக்கும் விஜயமங்கலத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். பதினெட்டு ராட்டினங்கள் என் பொறுப்பு. அதில் பதினேழு என்னைத் தொந்தரவு செய்ததில்லை. பதினெட்டாவதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அது புதுச் சாமான் இல்லை. 1978இல் ஐரோப்பாவில் ஒரு பட்டறையில் செய்த இரும்பு ரோலர் கோஸ்டர். அங்கே பதினோரு வருஷம் ஓடியது. பிறகு ஜப்பானில் ஒரு கடலோரப் பூங்கா, பிறகு மலேசியா. கடைசியில் முப்பத்தோரு கண்டெய்னர்களில் துண்டு துண்டாக எங்களிடம் வந்தது. ஒவ்வொரு துண்டிலும் எண் குத்தியிருந்தார்கள். சிவப்பைச் சுரண்டினால் மஞ்சள், மஞ்சளைச் சுரண்டினால் வெள்ளை. மூன்று நாட்டுப் பெயிண்டையும் உரித்துவிட்டு நான்தான் நீலம் அடித்தேன்.

சாதாரண ரோலர் கோஸ்டர் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் சேரும். இது சுற்றாது. இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு கோபுரங்கள், நடுவில் ஒரு செங்குத்து வளையம், ஏறி இறங்க ஒரு நிலையம். ரயில் நிலையத்திலிருந்து பாய்ந்து, வளையத்தில் தலைகீழாகச் சுற்றி, எதிர்க் கோபுரத்தில் ஏறி, வேகம் தீர்ந்து ஒரு கணம் நிற்கும். அப்புறம் அப்படியே பின்பக்கமாக விழும். அதே வளையத்தைப் பின்பக்கமாகத் தாண்டி, நிலையத்தையும் தாண்டி, பின் கோபுரத்தில் ஏறி, மறுபடி இறங்கி வந்து நிற்கும். மொத்தம் நாற்பது விநாடி. ஊர்க்காரர்கள் அதற்கு ஊஞ்சல் ரயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது.

முதலில் அதை ஓட்டியது வெறும் எடை. தனியாக ஒரு கோபுரத்துக்குள் நாற்பது டன் எடையைத் தூக்கி வைத்து, அதைக் கீழே விழவிட்டால் கம்பி வடம் ரயிலை இழுக்கும். நாலே விநாடியில் எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். ஜப்பானில் எடையை எடுத்துவிட்டு ஒரு பெரிய சுழல் சக்கரத்தை வைத்தார்கள். மலேசியாவில் அதையும் எடுத்துவிட்டுக் காந்த மோட்டார். நாங்கள் மாற்றியது இருக்கைகளை மட்டும்தான். தோளின் மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் புதுப் பிடிகளைப் போட்டோம். ஆள் சரியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க ஒவ்வொரு பிடியிலும் அழுத்தம் அளக்கும் சென்சார்கள் இருந்தன. எல்லாம் அந்தச் சென்சார்களிலிருந்துதான் ஆரம்பித்தது.

2032ஆம் வருஷம், கோவையிலிருந்து சுசீந்திரன் என்ற நரம்பியல் டாக்டர் தன் மகளோடு வந்தார். மகள் ஒரு தடவை ஏறினாள். அவர் ஒன்பது தடவை ஏறினார். அப்புறம் என்னைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார்.

"உங்க ரயில் ஒரே வளையத்தை ரெண்டு தடவை தாண்டுது. போகும்போது முகம் முன்னால, வரும்போது முதுகு முன்னால. எனக்கு அதுதான் வேணும்" என்றார்.

"எதுக்கு சார்?"

"போகும்போது வளையம் வர்றதைக் கண் பாக்குது. உடம்பு முன்கூட்டியே இறுகிக்கும். திரும்பி வரும்போது கண்ணுக்கு வேலை இல்ல. காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பும் நரம்பும்தான் சொல்லணும். அதனால இறுகறதுக்குக் கொஞ்சம் தாமதமாகும். ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினா அதுல எழுபது பங்கு. நல்ல உடம்புக்கு ஐம்பதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் இருக்கலாம். நரம்பு கெட ஆரம்பிச்சா இது மாறும். சில வியாதில கூடும், சில வியாதில குறையும். கை நடுங்கறதுக்கு ஆறேழு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிரும்."

"ஆஸ்பத்திரியில பாக்க முடியாதா?"

"ஆஸ்பத்திரியில ஒருத்தரைத் தலைகீழா இந்த வேகத்துல தள்ள முடியாதும்மா. உங்க பிடியில ஏற்கெனவே சென்சார் இருக்கு. நான் சாஃப்ட்வேர் மட்டும் எழுதணும்."

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. இரும்புப் பாதை வெயிலில் நீளும், மழையில் சுருங்கும். சக்கரம் தேயும். ஒரு நாள் அதிர்வது போல மறுநாள் அதிராது. அதிர்வு மாறினால் மனிதர்கள் இறுகுவதும் மாறும். அதனால் கடையில் தராசில் முதலில் வெறும் பாத்திரத்தை வைத்து முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது போல, தினமும் காலையில் ஆரோக்கியமான ஓர் ஆள் ஏற வேண்டும். அவருடைய அளவுதான் அன்றைக்குப் பூஜ்ஜியம். மற்றவர்கள் அவரிலிருந்து எவ்வளவு விலகுகிறார்கள் என்றுதான் கணக்கு.

"மணல் மூட்டையை வச்சா போதாதா?" என்று கேட்டேன்.

"மணல் மூட்டைக்கு நரம்பு இல்லையேம்மா. ஒரே ஆளா இருக்கணும், தினமும் வர்ற ஆளா இருக்கணும். உங்ககிட்ட யார் லீவே போடாதவர்?"

நான் யோசிக்கவே இல்லை. மயில்சாமியைக் காட்டினேன்.

மயில்சாமிக்கு அப்போது நாற்பத்து நாலு வயசு. ஊத்துக்குளிக்காரர். விசைத்தறி மெக்கானிக்காக இருந்து எங்களிடம் ஆபரேட்டராக வந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராட்டினம் பூட்டிய நாளிலிருந்தே காலை முதல் ஓட்டத்தில் அவர்தான் ஏறிக்கொண்டிருந்தார். கோவையில் மூன்று நாள் வைத்து டாக்டர் அவரைத் தலையிலிருந்து கால் வரை சோதித்தார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, நரம்பு தங்கம். அவருடைய அளவு எழுபது. ரேஞ்சுக்கு நட்டநடுவில்.

"பூஜ்ஜியம்னா மதிப்பே இல்லாததுன்னு நெனச்சேனுங் மேடம். என்னை வச்சுத்தான் எல்லாரையும் அளக்கறாங்களாமா" என்று சிரித்தார். சம்சாரம் செல்வநாயகியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அந்த வருஷம் பொங்கலுக்கு எனக்குப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் சோதனை. சரியாக இருந்தால் பச்சைத் தாள். பூஜ்ஜியத்திலிருந்து இருபத்தைந்துக்கு மேல் விலகினால், கூடினாலும் குறைந்தாலும், மஞ்சள் தாள். மூன்றாவது மாதமே காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலை மெக்கானிக்குக்கு மஞ்சள் வந்தது. கோவையில் ஸ்கேன் எடுத்தார்கள். பார்க்கின்சன், ஆரம்ப நிலை. உடனே மருந்து ஆரம்பித்தார்கள். எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. எங்கள் முதலாளி சென்னியப்பன் அந்தச் செய்தியை வெட்டி நுழைவாயிலில் மாட்டினார்.

அதற்கப்புறம் வரிசை மாறிவிட்டது. முன்பெல்லாம் ஊஞ்சல் ரயிலுக்கு நிற்பவர்கள் கத்துவார்கள், ஒருவரையொருவர் தள்ளிக்கொள்வார்கள், கடைசி நிமிஷத்தில் பயந்து ஓடுவார்கள். இப்போது கையில் ஃபைலோடு நின்றார்கள். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து ஏற்றினார்கள். மில்களில் ஆள் எடுக்கும்போது பச்சைத் தாள் கேட்டார்கள். வளையத்தில் தலைகீழாகப் போகும்போதுகூட யாரும் கத்தவில்லை. கத்தினால் அளவு கெட்டுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நாற்பது விநாடியும் சக்கரச் சத்தம் மட்டும் கேட்கும்.

மூன்றாவது வருஷம் ஒரு தனியார் பஸ் கம்பெனி தன் ஓட்டுநர்கள் அத்தனை பேரையும் அனுப்பியது. அதில் ஒருவர் காதர் மொய்தீன். ஈரோடு–கோவை வண்டி ஓட்டுபவர், பதினேழு வருஷத்தில் ஒரு கீறல்கூட இல்லாதவர். முப்பத்தொன்பது வயசு. அவருக்கு இருபத்தாறு வந்தது. மஞ்சள்.

கம்பெனி அவரை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, டெப்போவில் வண்டி கழுவ விட்டது. அவர் கோவையில் போய் ஸ்கேன் எடுத்தார். ஒன்றும் இல்லை. "இப்ப ஒன்னும் இல்லை. பின்னால வராதுன்னு நான் எப்படி எழுதித் தர்றது?" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதுதான் அந்த மஞ்சள் தாளின் கொடுமை. இனிமேல் வரப்போகும் வியாதி வராது என்று எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

காதர் மொய்தீன் டீயை நிறுத்தினார். காலையில் எழுந்து ஒற்றைக் காலில் நின்று பழகினார். ஆறு வாரம் கழித்து மறுபடி வந்து ஏறினார். இருபத்தேழு. இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்தார். இருபத்தொன்பது. மூன்று தடவையும் அவர் தோளில் பிடியை இறக்கிப் பூட்டியவர் மயில்சாமிதான். மூன்றாவது தடவை தாளைப் பார்த்துவிட்டு காதர் மொய்தீன் நிலையத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மயில்சாமி அடுத்த ரயிலை நிறுத்திவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூடிட்டே போகுதுண்ணே" என்றார் காதர் மொய்தீன். "எங்க வீட்டுல அவ சட்டைப் பட்டனைக்கூட என்னைப் போட விடறதில்ல. கை நடுங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கா."

"நடுங்குதுங்களா பாய்?"

"தெரியலண்ணே. பாத்துக்கிட்டே இருந்தா நடுங்கற மாதிரிதான் இருக்கு."

அன்றைக்கு மாலை நான் கணக்கை எடுத்துப் பார்த்தேன். காதர் மொய்தீனுக்காகத்தான் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், பராமரிப்பு அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் அது. முதல் வருஷம் ஆயிரம் பேருக்கு நாலு மஞ்சள். இரண்டாம் வருஷம் ஆயிரத்துக்கு இருபது. இந்த மாதம் ஆயிரத்துக்கு நூற்றிருபது. எந்த வியாதியும் ஒரு ஜில்லாவில் அப்படிப் பெருகாது. கோளாறு என் இரும்பில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சக்கரங்களை மாற்றினேன். பேரிங்குகளை மாற்றினேன். வளையத்தின் இணைப்பு போல்ட்டுகள் நானூற்றெண்பதையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். பதினொரு நாள் ஆனது. மஞ்சள் குறையவில்லை.

அப்போதுதான் மயில்சாமி முதல் தடவையாக ஒரு வாரம் லீவு கேட்டார். தங்கை மகளுக்குக் கல்யாணம். டிக்கெட் கவுண்டரில் இருந்த இந்துமதியைக் கோவைக்கு அனுப்பிச் சோதித்து, அந்த ஒரு வாரம் காலை ஓட்டத்தில் ஏற்றினோம். அந்த வாரம் இருநூற்று எண்பது பேர் சோதனைக்கு ஏறினார்கள். ஒரே ஒரு மஞ்சள் வந்தது.

திங்கட்கிழமை மயில்சாமி வந்தார். வெந்நீர் குடித்தார், ஏறினார், விழுந்தார், இட்லி சாப்பிட்டார். அன்றைக்கு மட்டும் ஐந்து மஞ்சள்.

டாக்டரின் சாஃப்ட்வேர் மயில்சாமியின் அளவை மற்றவர்களிடமிருந்து கழிக்கும். மயில்சாமியை மட்டும் பார்க்காது. அவர்தானே பூஜ்ஜியம். ஆனால் சென்சாரிலிருந்து வரும் அசல் எண்கள் என் பராமரிப்புக் கணினியில் தனியாக இருந்தன. வேறு காரணத்துக்காகச் சேர்த்துவைத்தவை. மயில்சாமியின் வரிசையை மட்டும் பிரித்து எடுத்தேன். எழுபது. எழுபத்தொன்று. எழுபத்தைந்து. எண்பது. இந்த வாரம் எண்பத்தாறு.

அவர் மெதுவாகிக்கொண்டிருந்தார். அவரைப் பூஜ்ஜியம் என்று வைத்ததால், மெதுவாகாத மனிதர்கள் விலகித் தெரிந்தார்கள். காதர் மொய்தீனின் அசல் எண் ஐம்பத்தேழு. மூன்று தடவையும் ஐம்பத்தேழு. கம்பெனியிலேயே துடிப்பான நரம்பு அவருக்குத்தான். அதனால்தான் முதலில் மாட்டினார்.

எண்ணை நம்பாமல் நான் காலை ஓட்டப் பதிவேட்டை எடுத்தேன். தினமும் தேதியும் நேரமும் எழுதி மயில்சாமி கையெழுத்துப் போடும் நோட்டு. முதல் வருஷம் ஒரு வரியில் அவர் எழுத்து கோட்டை முட்டிக்கொண்டு நின்றது. இந்த வருஷம் அதே வார்த்தைகள் நொய்யரிசி போலச் சிறுத்து, பாதி வரிக்குள் அடங்கிவிட்டன. எழுத்து சிறுத்துக்கொண்டே போவது பார்க்கின்சனுக்கு அடையாளம் என்று டாக்டர் ஒரு தடவை சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக அந்த நோட்டில் தினமும் நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவருடைய வரிக்கு நேர் கீழே.

முதலில் முதலாளியிடம் போகவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. மயில்சாமி சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. எண்களைச் சொன்னேன், நோட்டைக் காட்டினேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நோட்டை வெகுநேரம் புரட்டினார்.

"மூக்குக்கு ரெண்டு வருசமா வாசமே தெரியறதில்லீங் மேடம்" என்றார். "கிரீஸ் கருகுனாக்கூடத் தெரியாது. சளி புடிச்சதுன்னு விட்டுட்டேன். அதுவும் இதுதானுங்களா?"

"இருக்கலாம் அண்ணே. டாக்டர்தான் சொல்லணும்."

"அப்ப பாய்க்கு?"

"அவருக்கு ஒன்னும் இல்ல."

"எத்தன பேத்துக்கு மஞ்சத்தாள் குடுத்திருக்கறோம்?"

"ஆயிரத்து நூத்தி நாற்பது."

அவர் மறுபடி சக்கரத்தின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கிரீஸ் வைத்தார். ஏற்கெனவே வைத்த இடத்திலேயே வைத்தார். அப்புறம் நிறுத்திவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் யார்ட்டயும் சொல்லாதீங்க மேடம். என்ற சம்சாரத்துக்கிட்ட நானே சொல்லிக்கோணும்" என்றார்.

டாக்டர் சுசீந்திரனுக்குப் போனில் சொன்னேன், மயில்சாமியின் பெயரைச் சொல்லாமல். பூஜ்ஜியம் நகர்ந்துவிட்டது என்று மட்டும். யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கூடுதா குறையுதான்னு தாள்ல போட்டிருக்கணும்" என்றார். "போடல. ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு நினைச்சேன். போட்டிருந்தா எல்லாம் ஒரே பக்கம் குறையறது அப்பவே தெரிஞ்சிருக்கும்." பிறகு சொன்னார்: "அசல் எண் இருக்கிறதால பழசு எல்லாத்தையும் எழுபதை வச்சுத் திரும்பக் கணக்கெடுக்கலாம். ஆனா ஏன் திருத்தறோம்னு எழுதணும். அது ஒருத்தரோட வியாதிச் சமாசாரம். அவர் சம்மதிக்கலேன்னா சட்டப்படி வெளியே சொல்ல முடியாது. உங்க கம்பெனி வக்கீல் அதைத்தான் பிடிச்சுக்குவார்."

மறுநாள் மயில்சாமி செல்வநாயகியோடு வந்தார். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுக்கறேனுங்" என்றார் அவர்.

செல்வநாயகி அப்போதுதான் பேசினாள். "எங்களுக்கு மகள் இருக்கறாளுங். மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறோம். அப்பனுக்கு இந்த வியாதின்னு ஊரெல்லாம் தெரிஞ்சா யார் வருவாங்க? இவரு கேக்க மாட்டேங்கறாரு. நீங்களாவது சொல்லுங்க."

வேண்டாம் என்று சொன்னால் ஆயிரம் பேர். எழுதுங்கள் என்று சொன்னால் இவர்கள் மகள்.

"அந்த ஆயிரத்து நூறு பேர்லயும் பொண்ணுகளைப் பெத்தவங்க இருப்பாங்கல்ல நாயகி" என்றார் மயில்சாமி, கடிந்துகொள்ளாமல். "நம்ம புள்ளைக்கு வர்ற கஷ்டம் நெசமான கஷ்டம். அவங்களுக்கு நான் குடுத்தது பொய்க் கஷ்டம்." கையெழுத்துப் போட்டார். செல்வநாயகி நாற்காலியில் உட்காராமல் வெளியே போய் வாகை மரத்தடியில் நின்றாள். கடைசி வரைக்கும் அவள் என்னை மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சென்னியப்பனிடம் போனேன். துணி வியாபாரத்திலிருந்து வந்தவர். அறுபத்திரண்டு வயசு. எதையும் இரைந்து பேச மாட்டார். முழுக்கக் கேட்டார்.

"நாளையிலிருந்து இந்துமதி ஏறட்டும்" என்றார். "மஞ்சத்தாள் வாங்கினவங்களையெல்லாம் இலவசமா ஒரு தடவை மறுபடி ஏறச் சொல்லி மெசேஜ் அனுப்பு. எல்லாத்துக்கும் பச்சை வந்துரும். அவங்கவங்க சாமிக்கு நன்றி சொல்லிட்டுப் போவாங்க. மயில்சாமி வைத்தியத்தை நான் பாத்துக்கறேன். எதுக்கும்மா இந்தத் தாளு?"

அந்த யோசனையில் ஒரு ஓட்டையும் இல்லாதது போலத்தான் முதலில் எனக்கும் இருந்தது. ஒருத்தருக்கும் வலிக்காத வழி. பிறகு மறுபக்கம் ஞாபகம் வந்தது.

"பச்சைத்தாள் வாங்கினவங்களை என்ன சார் பண்றது?"

"அவங்களுக்கு என்ன?"

"மயில்சாமி அண்ணன் மெதுவாயிட்டார். அவர் மாதிரியே மெதுவானவங்க அவர் பக்கத்துலதான் தெரிவாங்க. அவங்களுக்கெல்லாம் பச்சை குடுத்திருக்கோம். நல்லா இருக்கோம்னு நினைச்சு வீட்டுல இருக்காங்க."

"அதெல்லாம் ஒன்னு ரெண்டு இருக்கும்மா." போனை எடுத்து, முதலாளிக்கு மட்டும் வரும் முழுக் கணக்கைத் தேடினார்; தாளில் இல்லாத கூடுதல் குறைவு அதில் இருக்கும். "நான் போன வாரம்தான் ஏறினேன். பாரு, கூடுதல் பதிமூணு. பச்சை. இதுவும் பொய்யா?"

நான் கணக்கை அவரிடமே விட்டேன். அவர் வாழ்நாளெல்லாம் மனக்கணக்கில் துணி விற்றவர்.

"மயில்சாமிக்கு இப்ப எவ்வளவுன்னு சொன்னே?"

"எண்பத்தாறு."

"அப்ப எனக்குத் தொண்ணூத்தொன்பது."

"ஆமா சார்."

"இருக்க வேண்டிய பூஜ்ஜியம் எழுபது." போனை மேசைமேல் குப்புற வைத்தார். "இருபத்தொன்பது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே ரயில் பின் கோபுரத்தில் ஏறி நின்று இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு முறை.

"நீ சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"கை நடுங்கும்போது தெரிஞ்சிருக்கும் சார்."

"அந்தத் தாளைக் கொண்டா" என்றார். மயில்சாமியின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டார்.

திருத்தக் கணக்கெடுக்க டாக்டருக்கும் எனக்கும் மூன்று வாரம் ஆனது. ஆயிரத்து நூற்று நாற்பது மஞ்சளில் ஆயிரத்து ஒன்பது தவறு. பச்சைத் தாள் வாங்கியவர்களில் நாற்பத்தாறு பேரைக் கூப்பிட்டுக் கோவைக்கு அனுப்பினோம். அவர்களில் சென்னியப்பன் ஒருவர். எல்லாக் கடிதத்திலும் காரணம் எழுதியிருந்தது, மயில்சாமியின் சம்மதத்தோடு, அவர் பெயரோடு. பெயர் வேண்டாம் என்று நான் சொன்னேன். பெயர் இல்லாவிட்டால் மழுப்புவதாக நினைப்பார்கள் என்று அவர்தான் போடச் சொன்னார்.

கடிதம் போனதும் ஜனங்கள் மகிழ்ந்து ஓடிவருவார்கள் என்று நினைத்தேன். சிலர் வந்தார்கள். ஒருவர் தாளைக் கிழித்து என் மேசைமேல் போட்டார். நின்றுபோன கல்யாணம் ஒன்று கடிதத்துக்கு அப்புறமும் நின்றுதான் இருந்தது. நிறையப் பேர் திருத்தத்தை நம்பவில்லை. முதலில் சொன்னது பொய் என்றால் இப்போது சொல்வது மட்டும் எப்படி மெய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு மில்லிலிருந்து போன் செய்து, இதைவிடத் துல்லியமான மெஷின் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

சென்சார்களின் இணைப்பை நானே கழற்றினேன். அதற்கப்புறம் பிடி பூட்டியிருக்கிறதா இல்லையா என்று மட்டும் அவை சொல்லின. மயில்சாமி ஆபரேட்டர் வேலையிலேயே இருந்தார். மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். மாதம் ஒரு தடவை கோவைக்குப் போக வேண்டும். முதல் தடவை செல்வநாயகி வர மறுத்துவிட்டதால் நான் கூடப் போனேன்.

விஜயமங்கலத்தில் பஸ் ஏறினோம். ஏறிய பிறகுதான் பார்த்தோம், ஸ்டியரிங்கில் காதர் மொய்தீன். டெப்போவிலிருந்து எடுத்து அவருக்கு வண்டி கொடுத்து அன்றைக்கு நாலாவது நாள். மயில்சாமியைப் பார்த்ததும் தனக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் இருக்கும் சீட்டைக் காட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

செங்கப்பள்ளி வரைக்கும் வண்டி நிதானமாகத்தான் போனது, தனியார் பஸ்ஸில் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத நிதானம். லாரியைத் தாண்ட இடமிருந்தும் தாண்டாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஒருவர், டிரைவர் தூங்கிட்டாரா என்று கண்டக்டரைக் கேட்டார்.

"டாக்டர் நல்லா இருக்குன்னுதாண்ணே சொல்லிட்டார்" என்றார் காதர் மொய்தீன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "கம்பெனியும் எழுதிக் குடுத்துருச்சு. இந்தக் கைதான் நம்ப மாட்டேங்குது. அஞ்சாறு மாசம் இதையே பாத்துக்கிட்டு இருந்தேன்ல. கியர் போடும்போதெல்லாம் பாக்கறேன். நீங்க சொல்லுங்கண்ணே, நடுங்குதா?"

மயில்சாமி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னைக் கேக்காதீங்க பாய்" என்றார். "என்னை வச்சு அளந்துதான் இவ்வளவும் ஆச்சு."

காதர் மொய்தீனுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டார், அடக்க முடியாமல், தோள் குலுங்க. மயில்சாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காதர் மொய்தீன் ஹாரனை அடித்து, கியரை மாற்றி, லாரியைத் தாண்டிப் போனார். கையைப் பார்க்க மறந்துவிட்டார்.